படகுக்கு வார்த்த நல்ல தண்ணீர்

மார்ச் 4, 2024

தமிழ்மாறன் இந்த நீள நோட்டைக் கொடுத்தான். "எந்தத் தகடு தட்டினோம், எங்க துரு இருந்துச்சு, என்ன பண்ணினோம்னு தினம் எழுதி வைம்மா. எனக்கு மறந்துடும். உனக்கு எதுதான் மறந்துச்சு?" என்றான். பெற்ற பிள்ளை புகழ்ந்தானா குத்தினானா தெரியவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து வேலை! சரி, முன்பக்கம் அவனுக்கு. நோட்டைக் கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து எழுதுவது எனக்கு.

படகை இன்றுதான் கிட்டப் போய்ப் பார்த்தேன். கடுவையாற்றங்கரையில் கட்டை கொடுத்து நிறுத்தியிருக்கிறான். நான் பார்த்த படகெல்லாம் மரம், அப்புறம் ஃபைபர். இது முழுக்க இரும்பு. பாய் கட்டினால் காற்றில் ஓடுமாம். வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் காரைக்காலில் விட்டுவிட்டுப் போய், வருஷக்கணக்கில் கேட்பாரில்லாமல் கிடந்து, ஏலத்துக்கு வந்ததை இவன் எடுத்திருக்கிறான். "இரும்பு எப்படிடா காத்துல ஓடும்?" என்று கேட்டேன். "கப்பல் மட்டும் என்ன பஞ்சாம்மா?" என்றான். அதுவும் சரிதான்.

செப்டம்பர் 12-ஆம் தேதி, படகு கடலுக்குத் தாங்குமா என்று சோதிக்கிற சர்வேயர் வந்து பார்ப்பார். அவர் சரி என்று சொல்லிவிட்டால், புதுச்சேரியில் பாய்மரம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற ஓர் இடத்தில் படகையும் எடுத்துக்கொண்டு இவனுக்கும் வேலை தருகிறார்கள். சரியில்லை என்றால் படகை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட வேண்டியது, இவன் மறுபடி ஷார்ஜாவுக்குப் போக வேண்டியது. பதினெட்டு வருஷம் அங்கே வெல்டிங் அடித்தது போதாதா? தஞ்சாவூரில் மருமகள் நர்ஸ் வேலையையும் பார்த்துப் பிள்ளையையும் தனியாக வளர்க்கிறாள். என் பேத்தி பத்து வயது வரைக்கும் அப்பாவைப் போனுக்குள்தான் பார்த்தாள். தன் அப்பாவை எரித்த மூன்றாம் நாள்தான் இவன் வந்து இறங்கினான்.

போகக் கூடாது. அதற்குத் துருவை ஒழிக்க வேண்டும் என்றால் ஒழிப்போம்.

மார்ச் 5

படகின் வயிற்றுக்குள் இறங்கினேன். சாமி! இவ்வளவு துருவை நான் எங்கும் பார்த்ததில்லை.

மார்ச் 9

நாகூர் ஜெகபர் அலி பாய் வந்தார். ஷார்ஜா கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருஷம் பெயிண்ட் வேலை. தமிழ்மாறனும் அவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்.

சிறு சுத்தி ஒன்றைக் கொடுத்தார். நான் ஓங்கி ஒரு போடு போட்டேன். "அடிக்காதீங்க அக்கா. அடுத்த வூட்டுக் கதவைத் தட்டுற மாதிரி தட்டுங்க. உள்ள ஆள் இருந்தா பதில் வரும்" என்றார்.

பதில் வந்தது. கனமான தகடு ணங் என்றது. இளைத்த இடம் டொப் என்றது. துரு ஏடு ஏடாகக் கிளம்பி நிற்கிற இடத்தில் சொத் என்று ஈரச் சாக்கைத் தட்டியது போல் ஒரு சத்தம். ரைஸ்மில்லில் இருபத்திரண்டு வருஷம் நெல் அவித்தவள் நான். அவியல் தொட்டியில் எவ்வளவு நெல் இருக்கிறது என்று வெளியே தட்டிப் பார்த்தே சொல்வேன். அந்தக் காது இன்னும் இருக்கிறது.

சாக்பீஸால் தகடுகளுக்கு எண் போட்டோம். மொத்தம் அறுபத்து நான்கு.

மார்ச் 17

படகு நிற்கிற இடத்துக்கும் ராசம்மாள் கொல்லைக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். ராசம்மாள் என் வீட்டுக்காரருடைய தங்கை. பதினாறு வருஷமாக எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை.

பேச்சு இல்லை என்றால் முகத்தைப் பார்த்துப் பேசுவது இல்லை. மற்றபடி நிறையப் பேசுகிறோம்.

இன்றைக்குத் துணி காயப்போட்டபடி வாழை மரத்தைப் பார்த்து, "பேத்தி எடுத்த வயசுல சில பேருக்குச் சுத்தியல் கேக்குது" என்றாள். நான் 23-ஆம் தகட்டைப் பார்த்து, "சில பேருக்கு அடுத்த வீட்டை எட்டிப் பாக்கலேன்னா சோறு இறங்காது" என்றேன். உள்ளேயிருந்து ஜெகபர் பாய், "யாரோட பேசுறீங்க அக்கா?" என்றார். "தகட்டோட" என்றேன்.

மார்ச் 28

ஒன்று புரியவில்லை. காலையில் 30-ஆம் தகட்டைக் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன். மதியத்துக்குமேல் கடல் காற்று வந்தது. திரும்பி வந்தால் தகடு முழுவதும் டீ டிகாஷன் தெளித்தது போல் இளம் பழுப்பு. நான்கு மணி நேரத்தில்! யாரும் தொடவில்லை, தண்ணீர் படவில்லை.

"காத்துலயே உப்பும் ஈரமும் இருக்குல்ல, அதான்" என்றார் பாய். அப்படியென்றால் நாம் மூச்சு விடுவதும் அதைத்தானே? நமக்குள் எதெல்லாம் பழுப்பாகிறதோ!

இனிமேல் தேய்க்கிற வேலை காலையில், நிலத்துக் காற்று அடிக்கும்போது மட்டும். முன்பக்கத்திலும் எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 3

இறுகிப்போன மூன்று கீல்களைப் புளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். பாய் சிரித்தார். "ரசம் வைக்கிறீங்களா?" மூன்றாம் நாள் கீல் மூன்றும் கறுப்பாக, சுத்தமாக, கதவு மாதிரி திறந்து மூடின. இன்றைக்குப் பாய் வீட்டிலிருந்து அவருடைய பழைய பூட்டைக் கொண்டுவந்திருக்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை. புளி இன்னும் கொஞ்சம் கரைத்தேன்.

ஏப்ரல் 11

41-ஆம் தகடு. அடுப்படிக்குப் பின்னால் பலகை அடித்து மறைத்திருந்த இடம். பலகையைப் பிரித்துவிட்டுத் தட்டினேன். ணங்கும் இல்லை, டொப்பும் இல்லை, சத்தமே இல்லை. மண்ணாங்கட்டியைத் தட்டினது போல. தமிழ்மாறனைக் கூப்பிட்டேன். "பெயிண்ட் நல்லாத்தானேம்மா இருக்கு" என்றான். "பெயிண்ட் இருக்கு. இரும்பு இல்ல" என்றேன்.

இன்னொரு தட்டு. சுத்தி உள்ளே போய்விட்டது! ஓட்டை வழியாக வெயில் வந்து என் புடவையில் ஒரு ரூபாய் அளவுக்கு விழுந்தது. அந்த வெள்ளைக்காரக் கிழவர் ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, மேலே அழகாகப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் பலகை அடித்து, அதற்கு முன்னால் உட்கார்ந்து சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்.

எத்தனை வருஷம் அப்படி ஓட்டினாரோ. கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் கடல்.

ஏப்ரல் 23

இது பெரிய அதிசயம். 12-ஆம் தகட்டிலிருந்து ஒரு விரல் கனத்துக்குத் துரு ஏடு உரிந்து வந்தது. போச்சு, தகடே இருக்காது என்று நினைத்தேன். துடைத்துவிட்டுத் தட்டினால் ணங்! தமிழ்மாறன் கனம் பார்க்கிற மிஷின் வைத்துப் பார்த்தான். நகக் கனம்தான் குறைந்திருக்கிறது.

"கொஞ்சம் இரும்பு கெட்டாலே துரு அதைப்போலப் பல மடங்கு பருத்துடும் அக்கா. பாத்தா பயமா இருக்கும், உள்ள அவ்வளவு சேதம் இருக்காது" என்றார் பாய். சொல்லிவிட்டு வேலிப் பக்கம் பார்த்தார். எனக்குப் புரியாது என்று நினைத்தார் போல. துரு வேறு, அது வேறு பாய். துருவுக்கு ஞாபகம் கிடையாது.

மே 6

படகின் அடியில் ஜிங்க் கட்டிகள் நாலு மாட்டப் போகிறார்கள். கடல் தண்ணீர் இரும்பைத் தின்ன வரும்போது முதலில் ஜிங்கைத் தின்னுமாம். அது தீர்கிற வரைக்கும் இரும்பைத் தொடாதாம். அதுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, முதலில் எதைத் தின்ன வேண்டும் என்று? பாய்க்கே தெரியவில்லை. "தின்னும். அவ்வளவுதான்" என்கிறார். இருபத்தாறு வருஷம் செய்தவர், ஒரு நாள்கூடக் கேட்கவில்லையா?

தமிழ்மாறன் போனில் தேடி ஏதோ படித்துக் காட்டினான். பாதி புரிந்தது. மீதி நாளைக்குக் கேட்பேன்.

ஜூன் 14

கெட்ட தகடுகள் ஒன்பதும் வெட்டி எடுத்தாச்சு. 41-க்குப் புதுத் தகடு. 17-இல் ஒரு சாண் இடம் மந்தமாகப் பேசியது. மிஷினில் தேறுகிறது என்றான். எனக்கு மனசு ஒப்பவில்லை. சண்டை போட்டு அதன்மேல் இன்னொரு தகடு வைத்து வெல்டிங் அடிக்க வைத்தேன்.

ஜூலை 9

தமிழ்மாறன் பெயிண்ட் வாங்கச் சென்னைக்குப் போய்விட்டான். பாய் நாகூரில் ஏதோ கல்யாணம். போகும்போது இவன் சொன்னான்: "வயிறு முழுக்க நல்ல தண்ணியில மூணு தரம் கழுவி வைம்மா. பட்டறை போர் தண்ணி வேணாம். அத்தை வீட்டுக் கிணத்துல ஓஸ் போட்டுக்க. நான் சொல்லிட்டேன்."

ஆற்றோரம் எல்லாம் உப்பு. ராசம்மாள் கொல்லையில் மட்டும் மணல் திட்டு, அதில் மட்டும் நல்ல தண்ணீர். அது எனக்குத் தெரியாதா?

காலையில் வேலியின்மேல் பச்சை ஓஸ் பைப்பின் நுனி தொங்கியது. அவள் எடுத்துப் போட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பதினாறு வருஷமாக அந்த வீட்டுத் தண்ணீர் என் பல்லில் பட்டதில்லை. என் கையால் பிடிக்கவும் மாட்டேன். போர் தண்ணீர் கொஞ்சம் கரிக்கும், அவ்வளவுதானே. அதில்தான் பாத்திரம் கழுவுகிறோம், துணி துவைக்கிறோம். இரும்புக்கு என்ன நாக்கா இருக்கிறது?

போர் மோட்டாரைப் போட்டேன். மூன்று தரம் சொன்னான், நான் ஐந்து தரம் கழுவினேன். இடுப்பு விட்டுப்போச்சு.

முன்பக்கத்தில் 'நல்ல தண்ணீர், 5 தரம்' என்று எழுதினேன்.

ஜூலை 10

நேற்று சரியாகத் தூக்கம் இல்லை. ஏன் அந்தத் தண்ணீரைத் தொடமாட்டேன் என்று எழுதி வைக்கிறேன். செத்த பிறகு யாராவது திருப்பிப் பார்த்தால் தெரியட்டும்.

2008, ஆவணி 14. என் வீட்டுக்காரர் வீரையனுக்குக் கருமாதி. எனக்குக் கோடி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். ராசம்மாள் அரக்குப் புடவை கட்டியிருந்தாள். அத்தனை சனத்துக்கு நடுவில் சொன்னாள்: "கூப்பிடு தூரத்துல என் கிணத்துல நல்ல தண்ணி இருக்கு. எங்கண்ணனுக்கு உப்புத் தண்ணியா குடுத்தே கிட்னியக் கெடுத்து அனுப்பிட்டா."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். சர்க்கரையால்தான் கிட்னி போச்சு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைவிடப் பெரியது ஒன்றும் என்னிடம் இருந்தது. பாகம் பிரித்தபோது கிணறு தங்கை பங்குக்குப் போனதில் அவருக்கு ஆறாத வருத்தம். "அவ கிணத்துத் தண்ணி எனக்கு வேணாம். நீயும் எடுத்துட்டு வராதே" என்று அவர்தான் சொன்னார். அதோடு, "இத ராசம்மாட்ட சொல்லிடாத. தாங்க மாட்டா" என்றும் சொன்னார். தங்கைமேல் அவ்வளவு பாசம், அவ்வளவு கோபம். ரெண்டையும் வைத்துக்கொள்ள நான்தான் கிடைத்தேன்.

சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஜூலை 16

வயிற்றுக்குள் முதல் பூச்சு முடிந்தது. சாம்பல் நிறம், என் தலைமுடி நிறம். அவ்வளவு அழகு! கால் வைக்கவே மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 4

பேத்திக்குக் காய்ச்சல், தஞ்சாவூரில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தோம். நடுவில் திடீர் மழை. தார்ப்பாய் கிழிந்து வயிற்றில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றிருக்கிறது. வாளி வாளியாக இறைத்தோம். பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 19

பெயிண்ட் முழுக்கக் கொப்புளம். அம்மை போட்டது போல. சின்னதும் பெரியதுமாக, வயிறு முழுக்க.

ஜெகபர் பாய் ஊசி எடுத்து ஒரு கொப்புளத்தைக் குத்தினார். தண்ணீர் வந்தது. அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார். "உப்பு."

"மழைத் தண்ணிதானே பாய் நின்னுச்சு?" என்றான் தமிழ்மாறன்.

"மழை கரிக்காது. பெயிண்டுக்கு அடியில உப்பு முன்னாடியே இருந்திருக்கு. அது மேல இருக்கிற தண்ணிய உறிஞ்சி உள்ள இழுத்திருக்கு." எலுமிச்சங்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் விடும். அதே இழுப்பு. எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

பாய் நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டினார். "நல்ல தண்ணி, அஞ்சு தரம்… அக்கா தெளிவா எழுதியிருக்காங்களே. அப்ப எங்கேருந்து வந்துச்சு உப்பு?" என் முகத்தை அவர் பார்க்கவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

தமிழ்மாறன், "என் தப்பு பாய். காயறதுக்கு முன்னாடி அடிச்சிருப்பேன்" என்றான். சாயங்காலம் படகுக்கு அந்தப் பக்கம் நின்று போனில் பேசினான். "அக்டோபர்ல இடம் காலியா இருக்குமா சார்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

செய்யாத தப்புக்கு என் பிள்ளை ஷார்ஜா போறானா? நானே அனுப்புறேனா? யாரு மேல கோவம், யாரு தலையில விடியுது?

ஆகஸ்ட் 20

ரைஸ்மில் மேஸ்திரி ரெங்கசாமி. 1987, மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. பாய்லர் தொட்டியில் தண்ணீர் குறைவாக இருக்கிறதே என்று போர் தண்ணீர் இரண்டு வாளி எடுத்துப் போனேன். ஊற்றப் போகும்போது வாளியைக் காலால் உதைத்தான். எல்லாரும் பார்த்தார்கள். வாளியில் விழுந்த நசுங்கல் கடைசிவரை இருந்தது. அன்றிலிருந்து அவன் பெயரைச் சொல்லித் திட்டாத மாசி கிடையாது.

இன்று காலையில் பல் விளக்கும்போது உறைத்தது. பாய்லருக்கு வாய்க்கால் தண்ணீர்தான் ஊற்றுவார்கள். எப்போதும் வாய்க்கால் தண்ணீர்தான். போர் தண்ணீர் விட்டால் பாய்லரை உப்பு தின்றுவிடும். அதற்குத்தான் உதைத்திருக்கிறான். முப்பத்தேழு வருஷம் திட்டினேன், ஒரு நாளாவது ஏன் என்று கேட்டேனா? பாயைச் சொன்னேனே, கேட்கவில்லையா என்று!

காலால் உதைத்தது தப்புத்தான். அதை விடமாட்டேன். ஆனால் உதைத்த காரணம் தப்பில்லை.

டீ குடிக்கும்போது இருவரிடமும் சொல்லிவிட்டேன். "போர் தண்ணியிலதான் கழுவினேன். நோட்டுல எழுதினது பொய்."

பாய் டீ கிளாஸைக் கீழே வைக்கவே இல்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். தமிழ்மாறன், "ஏம்மா?" என்றான்.

"அவ வீட்டுத் தண்ணிடா."

திட்டுவான் என்று பார்த்தேன். திட்டவில்லை. "அத்தை அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஓஸைப் புடிச்சுக்கிட்டு வேலிகிட்டயே நின்னாங்களாம். நீ போர் மோட்டார் போட்ட சத்தம் அவங்களுக்கும் கேட்டிருக்கு. எங்கிட்ட சொல்லல. நேத்துதான், கொப்புளத்தப் பாத்த பின்னாடி, நான் கேட்டுத்தான் சொன்னாங்க" என்றான்.

நேற்றே தெரியும் அவனுக்கு! தெரிந்துகொண்டுதான் பாயிடம் தன் தப்பு என்றானா, அதற்கு அப்புறம் தெரிந்ததா? கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21

பாய் கணக்குப் போட்டார்: முழுக்கச் சுரண்டி எடுக்க எட்டு நாள், கழுவக் காய இரண்டு நாள், மூன்று பூச்சு, அது இறுக ஒரு வாரம். "தேதி தொட்டும் தொடாமலும் வருது அக்கா. ஆனா தண்ணி?" என்றார். லாரித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லலாம் என்றான் தமிழ்மாறன். லாரிக்காரன் எந்தப் போரில் பிடிக்கிறானோ யார் கண்டது.

"தண்ணிய நான் பாத்துக்கிறேன்" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 26

சுரண்டல். கைவிரல் மடங்கவில்லை. இன்று இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 30

இன்றைக்கு ஆவணி 14. தேதி பார்த்துப் போகவில்லை. வேலை அப்படி வந்து நின்றது.

வேலி வழியாகப் போகாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகப் போனேன். ராசம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. உளுந்தைப் பார்த்து, "யாரோ வந்திருக்காங்க போல" என்றாள்.

"யாரோ இல்ல. நான்தான். தண்ணி வேணும்."

முறம் நின்றது. "குடிக்கவா?"

"படகுக்கு."

"எத்தனை தரம் கழுவணும்?"

"மூணு."

"அஞ்சாவே ஊத்திக்க அண்ணி" என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் அது சிரிப்புதான். எனக்குத் தெரியும். நாற்பத்தொன்பது வருஷமாக அவள் முகத்தைப் பார்க்கிறேன். பதினாறு வருஷம் பக்கவாட்டில் பார்த்தேன்.

ஓஸைத் தூக்கிக்கொண்டு அவளே ஏணி ஏறிப் படகுக்குள் வந்துவிட்டாள். முழங்கால் வலிக்காரி. நான் பிரஷ் போட்டுத் தேய்க்க, அவள் தண்ணீர் காட்டினாள். இண்டு இடுக்கெல்லாம் காட்டினாள். நாலாவது தரம் கழுவும்போது, "அண்ணி… அன்னைக்கு நான் கருமாதியில சொன்னது…" என்று ஆரம்பித்தாள்.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. பதினாறு வருஷமாகத் தயாராக இருந்தது. உங்கண்ணன்தான்டி உன் தண்ணி வேணாம்னாரு. இவ்வளவுதான். ஒரு வாய் பேச்சு. சொல்லியிருந்தால் அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து நான் ஜெயித்திருப்பேன்.

அவளைப் பார்த்தேன். முந்தானை நனைந்து, ஓஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓஸ் அங்க மடிஞ்சிருக்கு பாரு. நிமித்திவிடு" என்றேன்.

நிமிர்த்தினாள். தண்ணீர் வேகமாக வந்தது.

கடைசியாக வடிந்த தண்ணீரைப் பாய் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பவில்லை, விழுங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 31

முன்பக்கத்தில் ஜூலை 9-க்கு நேராக எழுதினேன்: 'இது பொய். போர் தண்ணீர். ஆகஸ்ட் 30 கிணற்றுத் தண்ணீர், 5 தரம், உண்மை.' கீழே என் பெயரையும் எழுதினேன்: அம்சம்.

செப்டம்பர் 5

மூன்றாம் பூச்சு. ராசம்மாள் வாழை மரத்தைப் பார்த்து, "கலர் நல்லாத்தான் இருக்கு" என்றாள். பழக்கம் போகவில்லை. நானும் 41-ஆம் தகட்டைப் பார்த்துத்தான், "ம்" என்றேன்.

செப்டம்பர் 12

சர்வேயர் ஒரு பெண்! முப்பத்தைந்து வயது இருக்கும், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு எலி மாதிரி எல்லாப் பொந்துக்குள்ளும் நுழைந்தாள். சின்ன மிஷினைத் தகட்டில் வைக்க, எண் வந்தது. அந்த மிஷினும் தட்டித்தான் பார்க்கிறதாம், சத்தம் போய்த் திரும்பி வருகிற நேரத்தை வைத்துக் கனம் சொல்லுகிறதாம். நம்ம காதுக்குக் கேட்காத சத்தம். அப்படியென்றால் நானும் அதுவும் ஒரே வேலைதான்! அதை எனக்கு விளக்கிச் சொல்லவே கால் மணி நேரம் நின்றாள். நல்ல பெண்.

17-இல் நான் சண்டை போட்டு வைத்த மேல் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தபோது எண் இறங்கியது. ஆனால் தேறுகிற அளவுக்கு மேலேதான் நின்றது. "இந்த இடத்துல டபுள் பண்ணலேன்னா ஃபெயில் ஆகியிருக்கும். யார் சொல்லிப் பண்ணீங்க?" என்றாள். தமிழ்மாறன் என்னைக் காட்டினான்.

நோட்டை வாங்கி முன்பக்கத்தை முழுக்கப் படித்தாள். ஜூலை 9-இல் நின்றாள். "இதையும் எழுதிட்டீங்களாம்மா?"

"நடந்தத எழுதச் சொன்னான். நடந்துச்சு, எழுதினேன்."

கொப்புளம் வந்த இடங்களில் எல்லாம் மறுபடி பிரஷால் தேய்த்து, நகத்தால் கீறி, டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு மணி நேரம். நான் ஏணியடியில் உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ராசம்மாளும் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறத்தில் எதுவும் இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அக்டோபர் 3

மிதக்கிறது! அவ்வளவு இரும்பும்! உள்ளே இறங்கி 41-ஆம் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. அந்தப் பக்கம் ஆறு.

அக்டோபர் 5

காலையில் புறப்பட்டார்கள், தமிழ்மாறனும் பாயும். காற்று சரியாக இருந்தால் நாளைக்குப் புதுச்சேரி. தீபாவளிக்கு மருமகளும் பேத்தியும் அங்கேயே போகிறார்களாம். ஷார்ஜாக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று என் எதிரிலேயே சொன்னான்.

நோட்டு படகோடு இருக்க வேண்டும் என்று கேட்டான். நடுவில் தையலைப் பிரித்து முன்பாதியை மட்டும் கொடுத்தேன். "மீதி?" என்றான். "வெத்துத் தாள்" என்றேன்.

குடிக்க ராசம்மாளே தன் கிணற்றிலிருந்து இரண்டு கேன் ஏற்றிவிட்டாள்.

அக்டோபர் 6

போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போன் வந்தது. படகுக்குள் சொட்டுத் தண்ணீர் வரவில்லையாம்.

பச்சை ஓஸைச் சுருட்டித் திருப்பிக் கொடுக்கப் போனேன். ராசம்மாள் வாங்கி மாட்டினாள். உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். குடி என்று சொல்லவில்லை. திரும்பி அடுக்களைக்குள் போய்விட்டாள், பாத்திரத்தை உருட்டினாள்.

1975 தையில் கல்யாணமாகி வந்து இறங்கியபோது, இதே கிணற்றுத் தண்ணீர்தான் முதலில் குடித்தேன். அப்போது பதினைந்து வயது ராசம்மாள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். ஈர மணல் வாசம் ஒன்று இருக்கும், தொண்டையில் இறங்கின பிறகு லேசாக இனிக்கும்.

எடுத்துக் குடித்தேன். அதே வாசம், அதே இனிப்பு. என் ஞாபகம் ஒன்றும் தப்பவில்லை.

பாதிச் சொம்புதான் குடித்தேன். முழுவதையும் ஒரே நாளில் குடித்தால் அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.